மூன்றாவது வாரண்டும் ஒற்றைச் செருப்பும்

அப்பா பதுளையில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தார். சம்பளத்தைத் தவிர அரசாங்கம் அவருக்குக் கொடுத்த ஒரே சுகம் ரயில் வாரண்ட். அந்தக் காகிதத்தில் போகுமிடத்தை எழுதி, கையெழுத்து வாங்கி ஸ்டேசனில் நீட்டினால், குடும்பம் முழுவதற்கும் காசில்லாமல் டிக்கெட் கிடைக்கும். வருடத்துக்கு மூன்று தடவை. முதல் இரண்டும் அப்பாவின் ஊரான சுன்னாகத்துக்குப் போய்வருவதோடு தீர்ந்துவிடும். மூன்றாவதை மார்கழி முடிவதற்குள் பாவிக்காவிட்டால் அது செத்துப்போகும்.

அரசாங்கம் தந்ததைச் சாகவிடுவது அப்பாவின் சுபாவத்திலேயே இல்லை. அதனால் ஒவ்வொரு மார்கழியும் நாங்கள் உல்லாசப் பயணம் போனோம். எங்கே போகிறோம் என்பது அவருக்கு முக்கியமல்ல. எவ்வளவு தூரம் போகிறோம் என்பதுதான் கணக்கு. போன இடத்தில் தங்கும் பேச்சே கிடையாது. ஹோட்டலென்றால் காசு. சொந்தக்காரர் வீடென்றால் அதைவிடக் காசு, ஏனென்றால் அவர்களும் பிறகு குளிர் பார்க்கவென்று பதுளைக்கு வந்து இறங்குவார்கள். ஒரு முறை புத்தளத்துக்குப் போனோம். ஸ்டேசன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினோம். புத்தளத்தில் நான் பார்த்தது ஒரு தண்ணீர்க் குழாயையும் ஓர் ஆட்டையும்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோது ஆட்டைப் பற்றிச் சொன்னேன்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் அப்பா மாத்தறையைத் தேர்ந்தெடுத்தார். தெற்கே தண்டவாளம் அப்போது அதோடு முடிந்துவிட்டது என்பதுதான் காரணம்.

அம்மா கடற்கரை ஊரில் பிறந்தவர். வேலியைத் தாண்டினால் கடல். கல்யாணம் முடித்து மலைக்கு வந்த பிறகு அவருக்கும் கடலுக்கும் இருந்த தொடர்பு கருவாட்டோடு நின்றுபோனது. சுன்னாகம் போனாலும் கிணறும் புகையிலைத் தோட்டமும்தான். தன்னுடைய ஊருக்கு ஒரு நடை போய்வருவோமா என்று அம்மா எப்போதாவது கேட்பார். அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், வீணாக பஸ்ஸுக்குக் காசு என்பார் அப்பா. அது உண்மைதான், அங்கே யாரும் இருக்கவில்லை. 

எங்களுக்குப் பால் கொண்டுவருகிற பால்காரம்மா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தவர். நாங்கள் புறப்படுகிற அன்று காலையில் பாலை ஊற்றிவிட்டுப் படியிலேயே நின்றார்.

“கடலைப் பாக்கப் போறீங்களாமே, மெய்யாங்க? அந்தத் தண்ணி அம்புட்டும் கரிக்குமாமே. நான் பொறந்ததிலேருந்து பாத்ததில்லைங்க. எனக்கு ஒரு போத்தல் புடிச்சிட்டு வாங்கம்மா.”

“கட்டாயம் கொண்டுவாறன்” என்று சொல்லி, அம்மா அப்போதே ஒரு போத்தலைக் கழுவி வைத்தார்.

பின்னேரம் ரயில் ஏறினோம். நானும் அம்மாவின் மடியில் தூங்கிவழியும் தம்பியும், ரொட்டியும் இடித்த சம்பலும் கட்டிய பெரிய பொட்டலமும். மறுநாள் காலையில் கொழும்பில் ரயில் மாறி, மாத்தறைக்கு முன்னால் வரும் காலி ஸ்டேசனுக்கு வந்து சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். வழி முழுவதும் கடல் ஜன்னலோடு கூடவே ஓடிவந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டார்.

“இஞ்சாருங்கோ, இந்த ரெயில் மாத்தறையில இருந்து எத்தனை மணிக்குத் திரும்பி வரும்?”

நேர அட்டவணையைப் பற்றி யாராவது கேட்டால் அப்பாவுக்குத் தனிச் சந்தோஷம். “நாலு மணிக்குக் காலிக்கு வந்திடும். காலியில எஞ்சினைக் கழட்டி மற்றப் பக்கம் பூட்டுவாங்கள். அதுக்கு இருவது நிமிசம் நிக்கும்.”

காலியில் நின்றதும் அம்மா போத்தலைக் கையில் எடுத்தார். பால்காரம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டு, பிள்ளைகளின் காலையும் நனைத்துக்கொண்டு ஓடிவருகிறேன் என்றார். கடல் தண்ணீருக்குக் காசில்லை என்பதால் அப்பா மறுக்கவில்லை. இடத்தையும் பொட்டலத்தையும் காத்தபடி அவர் ரயிலிலேயே இருந்தார். அம்மா ஒரு கையில் தம்பியைப் பிடித்து, மற்றத் தோளில் துணிப்பையை மாட்டிக்கொண்டார். ஸ்டேசன் வாசலில் டிக்கெட் பார்க்க நின்றவரிடம் போத்தலைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே எங்களை வெளியே விட்டார்.

வீதியைக் கடந்து சிறிது தூரம் போனதும் கடல். அதைக் கண்டதும் அம்மாவின் நடை மாறிவிட்டது. என்னை அவர் மறந்தே போனார் என்றுதான் சொல்லவேண்டும். தம்பியை மணலில் இருத்தி, அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார். பிறகு முங்கினார். எழும்பியபோது தலைமுடி எல்லாம் அவிழ்ந்து முகத்தை மூடியிருந்தது. வீட்டில் கொண்டை அவிழ்ந்து நான் அம்மாவைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

விசில் சத்தம் கேட்டது.

“அம்மா, ரெயில் வெளிக்கிடப் போகுது!”

“அது வேற ரெயிலாக்கும்” என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து என்னுடைய இடது கால் செருப்பைக் கொண்டுபோனது. நான் கத்தினேன். அம்மா உடனே தேடத் தொடங்கினார். அவசரமே இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தேடினார். செருப்பு கிடைக்கவில்லை. ஸ்டேசனுக்குத் திரும்பி வந்தபோது ரயிலும் இல்லை, அப்பாவும் இல்லை.

நான் அழுத அழுகையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே பாவமாக இருக்கிறது. டிக்கெட்டெல்லாம் அப்பாவிடம். எங்களைப் பிடித்து மறியலில் அடைத்துப் பூட்டுவார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். அம்மா பெண்கள் தங்கும் அறைக்குள் போய், பையிலிருந்து வேறு சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்கும் உடுப்பு மாற்றினார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடையில் பாணும் வாழைப்பழமும் வாங்கித் தந்தார். அம்மாவிடம் காசு இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் மறுபடியும் கடற்கரைக்குப் போனோம். ஈர முடியைக் காற்றில் விரித்துப் போட்டபடி, நாலு மணி ஆகப்போகும்வரை அம்மா மணலில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிற அம்மாவையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பகல் நல்ல பகல். ஒற்றைக் கால் செருப்போடு குற்றவாளியாக உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அதைச் சரியாக அனுபவிக்க முடியவில்லை.

ரயில் வந்தது. அப்பா பெட்டி வாசலிலேயே நின்றார். மாத்தறைவரை போய்த் திரும்பியிருந்தார். அவரும் இறங்கியிருந்தால் வாரண்ட் வீணாகியிருக்குமே!

“உமக்கு நேரம் எண்டு ஒண்டு இல்லையோ? நான் அங்க நெருப்பில நிக்கிறன்…” என்று தொடங்கினார்.

“என்ர செருப்பாலதான் அப்பா! அலை கொண்டுபோட்டுது. அம்மா தேடினவ” என்று நான் அழுதேன்.

அம்மா தம்பியைத் தூக்கி ரயிலில் ஏற்றினார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் விரிந்து கிடந்த தலைமுடியைப் பார்த்தார். மாறியிருந்த சேலையைப் பார்த்தார். திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். அதிலிருந்து ஒரு ரொட்டிகூடக் குறைந்திருக்கவில்லை.

பால்காரம்மா போத்தலில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, “அட, மெய்தாங்க” என்று முகத்தைச் சுளித்தார். வீட்டில் என் செருப்பு கதையாகிவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இவளின் ஒற்றைச் செருப்பால் நான் தனியாக மாத்தறை பார்த்தேன் என்று அப்பா சொல்வார். எனக்கு அழுகை வரும். என்னால்தான் நடந்தது என்று ஒரு வருடம் முழுக்க நம்பினேன். அம்மா ஒரு தடவையாவது எனக்காக வாய் திறக்கவில்லை என்ற கோபமும் இருந்தது.

அடுத்த மார்கழி வந்தது. வாரண்டில் அப்பா எழுதிய இடம் காலி ஸ்டேசன். அதற்கப்பால் எத்தனையோ மைல் சும்மா கிடக்க, அவர் அதை விட்டுக்கொடுத்தார்.

“இந்த முறை காலியோட நிப்பம்” என்றார். “இந்தப் பிள்ளையின்ர செருப்பை நம்பி மாத்தறைக்குப் போகேலாது.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “போன முறை மாதிரி மாத்துச் சீலை ஒண்டும் எடுத்து வையும்.”

நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். இருபது நிமிடத்தில் கால் நனைத்துவிட்டு ஓடிவரப் போனவரின் பைக்குள் மாற்றுச் சேலை எப்படி வந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. செருப்பு என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது.

ரயில் பதுளையை விட்டதும் அப்பா குனிந்து, வாழைநாரால் என் இரண்டு செருப்புகளையும் காலோடு சேர்த்துக் கட்டினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருடைய தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. என்னுடைய செருப்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, தெமோதரை ஸ்டேசன் வரும்வரை நான் இரண்டு பேரோடும் பேசவில்லை.