கச்சேரிக்குக் கட்டிய வாயில் புடவை

இந்தப் பக்கத்தில் பேச்சில் பாதியை முழுங்கிவிடுவார்கள். "வந்துட்டுதா?" என்பார்கள். வந்தது பஸ்ஸா, மாடா, மழையா என்று நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னைப் போல ரங்கூனிலேயே பிறந்து, ஜப்பான் சண்டைக்குப் பயந்து அரியலூர்ப் பக்கம் வந்து சேர்ந்த உங்களுக்கும் இந்தச் சங்கடம் இருக்கும். எனக்கு அது ஒருநாள் உயிரையே எடுத்துவிட்டது.

கல்லங்குறிச்சித் திருவிழாவுக்குச் சாயங்காலம் திறந்த திடலில் நாகசுரக் கச்சேரி. அனல் பறக்கிற வெயில், மேற்கே கருத்த மேகம், உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. அத்தை, அதாவது என் மாமியார், கல்யாணக் கூறைப்பட்டைக் கட்டச் சொன்னார். இந்தப் புழுக்கத்தில் பட்டா? ரங்கூனில் பர்மியரின் 'புவே' ஆட்டம் பார்க்க 'வாயில்' என்கிற மெல்லிய பருத்திப் புடவையில்தான் போவோம். மழையில் நனைந்தாலும் உடம்பிலேயே காய்ந்துவிடும். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது, வாங்கிக் கொடுத்தவர் என் கணவர். குண்டு விழுந்ததும் என்னைக் கப்பலேற்றிவிட்டு, "ஆபீஸ் வேலைய முடிச்சிட்டு அடுத்த கப்பல்ல வரேன்" என்றவர். அப்புறம் கப்பலும் இல்லை, கடிதாசும் இல்லை. அவர் இருக்கிறாரா என்று வாய்விட்டுக் கேட்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

அவர் தொட்ட துணி என்ற ஆசையில் அதையே கட்டிக்கொண்டேன். வெள்ளைதான். ஓரத்தில் மெல்லிய நீலக் கொடி ஓடும், ரங்கூன்காரர் கண்ணுக்கு அது வெள்ளையே இல்லை. நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வாசலுக்கு வந்தபோது கையில் முதல் தூறல் விழுந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வந்துட்டுதா?"

"வந்துட்டுதுங்க அத்தை. வரும்னு தெரிஞ்சதுதானே."

அத்தை நெஞ்சில் அறைந்துகொண்டு, "ஐயோ, என் மவனே" என்று தரையில் சாய்ந்தார். அவரைப் பற்றிச் சேதி வந்திருக்கிறது, அத்தை என்னிடம் மறைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். நானும் அவர்மேல் விழுந்து கதறினேன். எதிர்வீட்டு அஞ்சலை ஓடிவந்தாள்.

"தந்திய யாரு கொண்டாந்தா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார்.

"நான் சேதியக் கேட்டேன், இவதான் வந்துட்டுதுன்னா. வெள்ளையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா."

"நான் மழையச் சொன்னேங்க அத்தை."

யாரும் சிரிக்கவில்லை. பயம் அதற்குப் பிறகுதான் முழுசாகப் பிடித்தது. என் வாயாலேயே சொல்லிவிட்டேன், ஒப்பாரியும் வைத்தாகிவிட்டது, பலித்துத் தொலைத்தால்? அத்தை என்னை உள்ளே இழுத்துப்போய், அந்தப் புடவையை உருவி, கூறைப்பட்டைத் தானே சுற்றினார். கட்டிய பூவெல்லாம் என் தலைக்கே வந்தது. அவசரத்தில் ஊக்கு என் தோளில் குத்தியது.

"மழைங்க அத்தை, பட்டு வீணாப் போயிடும்."

"போவட்டும். ஊரு பாக்கணும்."

திடலில் சனங்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை என் தாலியை எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியே விட்டார். பக்கத்திலிருந்த ஒருத்தி, "மவன் எப்ப வருது?" என்று கேட்டாள்.

"வந்துக்கிட்டே இருக்கான்" என்றார் அத்தை.

கடலுக்கு அந்தப் பக்கம் அவர் என்ன ஆனாரோ எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நான் சுமங்கலியாக ஊர் நடுவில் நனைந்துகொண்டிருந்தேன். தவில் அடிக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், ஆட்டாவிட்டால் எழவு வீட்டுக்காரி என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்.