இரும்புக் கேட்டருகே நின்ற இரண்டு மணி நேரம்

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்ததற்கு மகள் ஒரு கூடாரத்தைப் பரிசாகத் தந்தாள். வேல்சில் ஒரு மழைக்காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்க இடமும் பதிவுசெய்திருந்தாள்.

"வேல்சிலை மழைக்காடோ? மழை மட்டும்தான் இருக்கும்," என்று என் கணவர் சிரித்தார். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து கிங்ஸ்பரியில் கடையும் வீடுமாக ஓடியவர். அரிசி மூட்டைகளைக்கூட அவரே இறக்கிவைப்பார். உதவிக்கு வருபவரை "விடும், நான் பாக்கிறன்" என்று விலக்கிவிடுவார்.

போய்ப் பார்த்தால் உண்மையாகவே காடுதான். ஓக் மரங்களின் கிளைகளெல்லாம் பாசி மூடியிருந்தது. அந்தப் பாசியில் பெரணிகள் முளைத்திருந்தன. கல், வேர், விழுந்த மரம் எல்லாம் ஒரே பச்சை. மழை விட்ட பிறகும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அந்த வாரம் அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை.

இரண்டாம் நாள் காலை தேநீருக்குத் தண்ணீர் எடுக்கக் கேத்தலோடு போனார். கேத்தல் கல்லில் மோதிய சத்தம்தான் முதலில் கேட்டது. ஓடிப்போனேன். பாசிக் கல்லில் வழுக்கி விழுந்து கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கால், எந்தக் காலும் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

தூக்கப் பார்த்தேன். அவர் போட்ட கூச்சலில் கையை எடுத்துவிட்டேன். தொலைபேசியில் சிக்னல் இல்லை. கார் மேலே, காட்டுப்பாதை தொடங்கும் இரும்புக் கேட்டடியில் நின்றது. அரை மணி நேர ஏற்றம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. படுக்கைப் பையால் அவரைப் போர்த்தி, கூடாரத்தின் மேல்விரிப்பை இழுத்துவந்து அதன்மேல் போட்டேன். என் சட்டைக் கையைப் பிடித்திருந்தவர் பிறகு அவராகவே விட்டார்.

"நீர் மேலை போம். அங்கை சிக்னல் கிடைக்கும்."

"உங்களைத் தனிய விட்டிட்டோ?"

"வேறென்ன செய்யிறது? போம்."

கேட்டடிக்கு வந்தபோது அவசர உதவி எண்ணுக்கு அழைப்புப் போனது. எடுத்த பெண் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். அந்த இடத்தின் வெல்ஷ் மொழிப் பெயரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே தவிர, வாயால் சொன்னதில்லை. எப்படிச் சொல்லியும் அவளுக்கு விளங்கவில்லை. கேட்டில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. உள்ளங்கையால் பாசியைத் துடைத்து, முதல் வகுப்புப் பிள்ளைபோல் எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

"கண்டுபிடித்துவிட்டேன்," என்றாள். "மீட்புக் குழு வரும். நீங்கள் அங்கேயே நில்லுங்கள். கீழே போனால் உங்களோடு பேச முடியாது. அவர்களுக்கும் வழி தெரியாது."

நின்றேன். மழை பலத்தது. இரண்டு தடவை பத்தடி கீழே இறங்கிப்போய், தொலைபேசியில் சிக்னல் மறைவதைக் கண்டு ஓடி ஏறினேன். ஒரு தடவை அவரைக் கூப்பிட்டும் பார்த்தேன். அந்தக் காட்டில் சத்தம் எங்கும் போய்ச் சேரவில்லை. மீட்புக் குழுவினர் தொண்டர்கள், தங்கள் வேலைகளை விட்டுவிட்டுக் கூடிவர நேரமெடுக்கும் என்று அந்தப் பெண் திரும்ப அழைத்துச் சொன்னாள். நன்றி சொன்னேன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஆறு பேர் வந்தார்கள். கூட்டிக்கொண்டு இறங்கினேன். விரிப்பைக் காற்று தள்ளிவிட்டிருந்தது. படுக்கைப் பை நனைந்து ஊறிப்போயிருந்தது. அவர் ஏரியைப் பார்த்தபடி கிடந்தார்.

"குளிருதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இப்ப குளிரேல்லை," என்றார் அமைதியாக.

எனக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. என்ன சொல்கிறார் என்று குழுவின் தலைவி கேட்டாள். நரைத்த தலை, என் வயதுதான் இருக்கும். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் முகம் மாறியது. மற்றவர்களுக்கு ஏதோ சுருக்கமாகச் சொன்னாள்; எல்லோருடைய கைகளும் வேகமாயின. உடல் விறைத்துப்போனவருக்குத்தான் குளிர் தெரியாது, குளிராதது நல்ல செய்தி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடை திறக்க நேரமாயிற்று என்று முணுமுணுத்த அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் அவருடைய காலிலிருந்து கழற்றிய ஒற்றைச் சப்பாத்தோடு பின்னால் நடந்தேன்.

பிழைத்துவிட்டார். காலுக்குள் கம்பி வைத்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பொல்லை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பார்க்க வருபவர்களிடம், "மனிசி என்னை ஏரிக்கரையிலை விட்டிட்டு ஓடிட்டா," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தேநீரை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரால் குனிய ஏலாததால் நான்தான் காலுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டேன்.

"நான் திரும்பிக் கீழை வந்திருக்கோணுமோ?"

யோசித்தார். "வந்திருந்தா அவை எங்களைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டினம். நீர் செய்தது சரி."

காலுறையைக் குதிகாலுக்கு மேல் இழுத்துவிட்டேன்.

"ஆனா, கூப்பிட்டனான்," என்றார்.

"எப்ப?"

"நீர் போன கையோடை. பிறகும் எத்தினையோ தரம்."

"எனக்குக் கேக்கேல்லை."

"தெரியும்," என்று சொல்லி, மற்றக் காலை நீட்டினார்.