முந்திரிக் காது முயல்

ஈஸ்டர் அன்று காலை, கோயில் முற்றத்தில், ஊர் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் ஒரு முயலுக்காக நான் சாட்சி சொல்ல வேண்டி வந்தது. சிரிக்காதீர்கள். நீங்களும் ஒருநாள் கேக் பாப் செய்வீர்கள்.

கேக் பாப் தெரியும்தானே? நல்ல கேக்கை உதிர்த்து, க்ரீமோடு பிசைந்து, உருண்டை பிடித்து, குச்சியில் குத்தி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுப்பது. முழுசாக இருந்ததை ஏன் உதிர்க்க வேண்டும், பிறகு ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்டால்... நீங்கள் பழைய ஆள்.

என் மகள் ஜெனி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஈஸ்டர் பூசை முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகள் ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். “எங்கம்மா முயல் கேக் பாப் செஞ்சு தருவா” என்று வகுப்பு பூராவும் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்காமல்தான். கடையில் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒற்றைக் காலில் நின்றாள்.

காரணம் இருந்தது. கிறிஸ்மஸுக்கும் இப்படித்தான், கலைமான் கேக் வரும் என்று அறிவித்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து எங்கள் ஓவன் உயிரை விட்டது. அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு ‘புளுகுணி’ என்று பெயர்.

“எம்மா, இந்தத் தடவையும் சொன்னது வரலன்னா நான் கிளாஸுக்கே போமாட்டேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது. பெற்ற வயிறு கேட்குமா?

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். வீடியோவில் வந்த அம்மணி, “வசந்த காலப் பண்டிகைக்கு ஓர் எளிய இனிப்பு” என்றாள். வசந்தம்! எங்கள் தூத்துக்குடியில் அந்தப் பெயரில் ஒரு டீச்சர் உண்டு, பருவம் கிடையாது. அந்த அம்மணிக்குக் கடைசி வரை ஒரு சொட்டு வியர்க்கவில்லை. எனக்குச் சாக்லேட்டைப் பிரிக்கும்போதே வியர்த்தது. சாக்லேட்டுக்கும்தான்.

உருண்டைகளை ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் பிரியாணிக்கு வாங்கிய ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. குளிர்ந்ததை எடுத்துச் சூடான வெள்ளைச் சாக்லேட்டில் முக்கினால் — படார் படாரென்று விரிசல். ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவில் காது செய்து ஒட்டினால், நிமிர்த்த நிமிர்த்தத் தொங்கிப் போகிறது.

“எம்மா, காது நிக்க மாட்டேங்கு.”

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர்களோடு மல்லுக்கட்டுகிறவர். எட்டிப் பார்த்தார். “ஏளா, இந்த உப்புக் காத்துல இரும்பே தாங்க மாட்டேங்கு. ஒன் முயல் காதா நிக்கப் போவுது?”

உடைந்ததைத் தின்று தடயத்தை அழிக்கவும் வழியில்லை. எனக்கு ஒருசந்தி விரதம்!

கடைசியில் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. ஃபாண்டன்ட்டைத் தூக்கிக் கடாசிவிட்டு, பாதி பாதி முந்திரியைக் காதாக ஒட்டினேன். கல் மாதிரி நின்றது. என்ன, முந்திரி வளைந்த பண்டம்... காது மேலே போகாமல் பக்கவாட்டில் வளைந்து தரையைப் பார்த்தது. விரிசலை என்ன செய்வது? வீட்டுக்காரரே பேக்கரி அண்ணாச்சியிடம் போய், முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுடும் மக்ரூன் வாங்கி வந்தார். பொடித்து உடம்பெல்லாம் அப்பினேன். தூத்துக்குடியில் எந்தச் சிக்கலுக்கும் கடைசி மருந்து மக்ரூன்தான்.

ஜெனி ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். “எம்மா... முயல்தான?”

“பின்னே? முயலேதான்.”

மறுநாள் பூசை முடிந்தது. பலகார மேஜைகளைப் பார்த்துக்கொண்டே வந்த ஃபாதர், எங்கள் தட்டின் முன்னால் நின்றார். ஒன்றை எடுத்து உயர்த்தினார். இன்னொரு கையில் மைக்.

“இங்க பாருங்க! ஊரெல்லாம் முயல் முயல்னு அலையுதாங்க. உயிர்ப்புக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம்? இந்த அம்மா ஒருத்திதான் யோசிச்சு, இயேசுவுக்கு அடையாளமான பாஸ்கா ஆட்டுக்குட்டி செஞ்சிருக்கா. சுருட்டை ரோமம்கூட தத்ரூபம்!”

ஒரே கைதட்டல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்தி ததும்பத் தலையைக் குனிந்துகொண்டேன். சற்று நேரத்தில் நானே நம்பியும்விட்டேன் — என் மனசுக்குள் முதலிலிருந்தே ஆட்டுக்குட்டிதான் இருந்திருக்கிறது! பாராட்டு வீடு தேடி வரும்போது விலாசம் சரிதானா என்று யார் பார்க்கிறோம்?

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல். ஜெனியின் வகுப்புத் தோழி ஷெரின். “ஏளா ஜெனி, முயல்னுதான சொன்னே? ஆட்டுக்குட்டியாம்லா! புளுகுணி!”

மற்ற வாண்டுகளும் சேர்ந்துகொண்டன. ஜெனி அழவில்லை. என்னையே பார்த்தாள். நான் முன்னால் போனேன்.

“ஃபாதர், தப்பா நினைக்காதீங்க. அது ஆட்டுக்குட்டி இல்ல.”

“பின்ன என்னதும்மா?” மைக்கை என் பக்கம் நீட்டினார்.

“முயலு.”

குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆடு மாதிரிலா இருக்கு?”

முற்றமே சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்.

“முயல்தான் ஃபாதர். காது மட்டும் முந்திரி.”

“எனக்கு ஆடாத்தான் தெரியுது.”

“தெரியட்டும் ஃபாதர். ஆனா அது முயலு.”

ஜெனி விருட்டென்று ஷெரின் பக்கம் திரும்பினாள். “கேட்டியாளா? செஞ்ச ஆளே சொல்லியாச்சு!” ஷெரின் உதட்டைச் சுழித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் கடித்தாள். பிறகு இன்னொன்று. ‘புளுகுணி’ அத்தோடு ஒழிந்தது. வீடு திரும்பும்வரை ஜெனி என் கையை விடவே இல்லை.

எனக்குத்தான் இப்போது பெயர் வந்துவிட்டது. தெருவில் பிடிவாதக்காரி என்றால் நான்தானாம். வீட்டுக்காரர் வேறு போகிற வருகிறவர்களிடமெல்லாம், “தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கா பாரு” என்கிறார்.

தப்பு. நான் பிடித்த முயலுக்கு ஒரே கால். அதுவும் குச்சி!