சேவலில்லாத வீட்டின் அடைக்கோழி

எங்கள் வீட்டில் சேவல் இல்லை. அதனால் அடைக்கோழியின் முட்டைகள் பொரிக்க வழியில்லை. அதுவோ தீனியை மறந்து மெலிந்துகொண்டே வந்தது. மூக்கில் இறகைச் செருகினால் அடை கலையும் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டால் செத்துப்போகுமோ என்றும் அஞ்சினேன்.

சேவல் வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, தம் முட்டைகளைக் கூடையில் கொண்டு வந்தார்.

"எங்க கோழி ஒண்ணும் அடை உக்காரலைங்க. இதை உங்க கோழிக்கிட்ட வாரத்துக்கு விடுறேன். பாதிக் குஞ்சு எனக்கு."

"நிலத்தைத்தானே அக்கா வாரத்துக்கு விடுவாங்க?"

"உங்க கோழி மட்டும் சும்மாவா உக்காந்திருக்கு?"

அன்று மாலையே முட்டைகளை மாற்றி வைத்தோம். குஞ்சுகள் பொரித்ததும் கோழி வெளியே வந்து, அவற்றுக்குக் குருணையைக் கொத்திக் காட்டி, தானும் தின்றது.

குஞ்சுகள் வளர்ந்தபின் பாதியை அக்கா எடுத்துச் சென்றார். கோழியையும் பிழைக்கவைத்தவருக்கு அந்தப் பங்கு குறைவென்றே இன்றும் நினைக்கிறேன்.