ரிஃபாத் பூட்டி வைத்த லிஃப்ட்

ரிஃபாத்துக்கு அரசு வேலை கிடைத்த செய்தி பரவியதும் பேகம்பூர் தெருவில் அவள் வீட்டு வாசலுக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு மிக்சி. எஞ்சினீர் புள்ள பக்கத்திலேயே இருக்கும்போது கடைக்கு எதற்குத் தூக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அடுத்து ஒரு கிரைண்டர் வந்தது, பிறகு சுற்றாத ஃபேன். அவளுடைய அத்தா நூர் முகமது எதையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோரம் ஆயுளைக் கழித்து, மிச்சமாக மூச்சிழுப்பை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர் அவர். மகள் எஞ்சினீர் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு ஓட்டை மிக்சி போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிஃபாத் ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பாள், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் உண்மையில் பார்த்தது வேறு வேலை. அரசுக் கட்டடங்களுக்கான மின்பிரிவில் உதவிப் பொறியாளர், பதவி வரிசையில் ஆகக் கடைசி. சுவர் எழுப்புகிறவர்கள் வேறு ஆட்கள். சுவருக்குள் ஓடும் ஒயர், மாடியில் ஏசி, கீழே ஜெனரேட்டர், தீயணைக்கும் பம்பு, நடுவே லிஃப்ட், இவையெல்லாம் இவள் பாடு. விளக்கு எரிகிறவரை இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. அணைந்தால் மட்டும் அவள் போன் நம்பர் ஊருக்கே மனப்பாடம்.

டவுனைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் அரசு மருத்துவமனைக்குப் புதுக்கட்டடம் எழுந்தது. அவள் வேலைக்கு வந்தபின் முதன்முதலாக அவள் பொறுப்பில் மாட்டிய லிஃப்ட் அங்கேதான் இருந்தது. லிஃப்ட் மாட்டிவிட்டால் மட்டும் ஓட்டிவிட முடியாது. ஆய்வாளர் வந்து சோதித்து உரிமம் தர வேண்டும். திறப்பு விழாவுக்குள் உரிமம் வரவில்லை. அதற்காக விழா நிற்குமா? மேலதிகாரி மதியழகன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வருகிற பெரிய மனிதருக்கு முட்டி வலி, இன்றைக்கு மட்டும் ஓட்டிவிடு என்றார்.

இந்தத் துறையில் இது காலங்காலமாக நடக்கிற சங்கதி. விழா அன்று லிஃப்ட் ஓடும். கார்கள் கிளம்பியதும் மெயின் சுவிட்சை இறக்குவார்கள். பிறகு உரிமம் வருகிறவரை கதவில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கும், பழுதே இல்லாத லிஃப்டில். புதிதாக வந்தவளுக்கு மறுபேச்சு பேசத் தெரியவில்லை. பெரிய மனிதர் ஏறி இறங்குகிறவரை மொட்டை மாடியில் மோட்டார் பக்கத்தில் நின்று யாசீன் ஓதினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் எவர் சொன்னாலும் இந்தத் தப்பைச் செய்வதில்லை என்று முடிவு கட்டி, சுவிட்சைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நல்ல முடிவுதான். அது யார் தலையில் வந்து விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

திறந்த கட்டடத்தைச் சும்மா போட்டு வைக்கக் கூடாதென்று மேலிடத்தில் உத்தரவு வந்தது. நெஞ்சுநோய் வார்டு இரண்டாம் மாடிக்குப் போனது, ஆக்சிஜன் குழாய் அங்கேதான் இழுத்திருந்தது. கீழ்த்தளம் முழுக்க அலுவலகமும் மருந்துக் கிடங்கும். மூச்சுவிட முடியாதவர்களைக் கொண்டுபோய் மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

சேவுகம்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்க்கிற உடையப்பன், மூச்சு முட்டித் தவித்த மனைவி ஒச்சம்மாளைக் கூட்டிவந்த அன்று ரிஃபாத் ஜெனரேட்டர் பார்க்க அங்கே வந்திருந்தாள். லிஃப்டைத் திறக்கச் சொல்லி அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் உரிமம், ஆய்வு, விதி என்று என்னென்னவோ விளக்கிப் பார்த்தாள். அவர் அத்தனையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"விழா அன்னைக்கு அம்புட்டுப் பேரு ஏறிப் போனாகளே, அவுக உசுருக்கு இல்லாத விதியா ஆத்தா?"

அவள் சாவியை எடுக்கவில்லை. ஒச்சம்மாளை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு அவள் நடக்காத நடை இல்லை. காண்டிராக்டர் ஒரு சான்றிதழ் பாக்கி என்பார், அது வந்தால் ஆய்வாளர் லீவு என்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி மனசு வைக்க வேண்டுமே.

இதற்கிடையில் நூர் முகமதுவுக்கு இழுப்பு முற்றியது. ஒரு நாள் மத்தியானம் அம்மா குர்ஷித் பேகம் போன் செய்தாள். ஆம்புலன்சில் அழைத்து வருகிறேன், அந்தப் புது ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்கிறார்கள் என்றாள். ரிஃபாத் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அத்தாவை நாற்காலிக்கு மாற்றி, சிலிண்டரோடு லிஃப்ட் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர் பளபளக்கும் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"இதானாம்மா நீ மாட்டுனது?"

"ஆமாத்தா."

"நல்லா இருக்கு," என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது.

அம்மா மகளின் கைப்பையையே பார்த்தாள். ஒரே ஒரு தடவைதானே, உன் அத்தாவுக்குத்தானே என்றாள். ரிஃபாத்தின் கை பைக்குள் போனது, சாவியைத் தொட்டது. நிமிர்ந்தால் எதிரே உடையப்பன் நிற்கிறார். மனைவிக்குக் கஞ்சி வாங்கக் கீழே வந்த மனுஷன், தூக்குவாளியோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் அப்போது முறைத்திருந்தாலோ ஏசியிருந்தாலோ கூட அவள் ஒருவேளை திறந்திருப்பாள்.

"தெறந்து விடு ஆத்தா," என்றார் அவர். "எங்களுக்கு இல்லாட்டிப் போகுது. ஒங்க அய்யாவுக்காச்சும் தெறந்து விடு."

அவள் கை சாவியை விட்டுவிட்டது.

"ஒங்க வீட்டம்மாவுக்குத் தெறக்கலையேய்யா. எங்கத்தாவுக்கு மட்டும் எப்படித் தெறப்பேன்?"

உடையப்பன் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். இன்னொரு காலை ரிஃபாத் பிடித்தாள், மற்ற இரண்டையும் ஆம்புலன்சில் வந்தவர்கள் பிடித்தார்கள். படி வளைகிற இடம் குறுகல், அங்கே நாற்காலியைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. சாய்த்தபோது சிலிண்டர் குழாய் கழன்றது. உடனே மாட்டிவிட்டார்கள், செத்த நேரம்தான். ஆனாலும் மேலே போய்ச் சேர்ந்தபோது நூர் முகமதுவின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அன்று அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நுரையீரல் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது, படியால் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். ஒரு முறை மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருக்கலாம்.

புருஷன் போனவள் வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் குர்ஷித் பேகம் உட்கார்ந்தாள். மகளை ஏசவில்லை. நேரத்துக்குச் சோறு போட்டாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வேலைக்குப் போனாலும் ரிஃபாத்துக்கு நிம்மதி இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் நேர்மையான புள்ள என்றார்கள். பெற்ற அப்பனுக்கே திறக்காதவள் என்றும் அதே வாய்தான் சொன்னது.

துக்கம் ஆறுவதற்குள் ஆய்வாளர் வந்தார். இத்தனை நாள் வராதவர், ஒரு போன்கூடச் செய்யாமல் ஒரு காலையில் வந்து நின்றார். எடைக்கற்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார், பிரேக்கைப் பிடிக்க வைத்தார், கரண்டை நிறுத்திப் பார்த்தார், கயிறு ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துத் தடவினார். ரிஃபாத் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தான் மாட்டிய லிஃப்டில் குறை வரக் கூடாது என்று வேண்டாத எஞ்சினீர் உலகத்தில் உண்டா? அவள் அன்று குறை வர வேண்டும் என்று வேண்டினாள். யா அல்லாஹ், ஒரு சின்னக் குறை, ஒரு தளர்ந்த நட்டு, பிடிக்காத ஒரு பிரேக், எதுவானாலும் சரி என்று நெஞ்சுக்குள் கெஞ்சினாள். அத்தாவை ஏற்றியிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்று தெரிந்துவிட்டால் போதும், மீதிக் காலத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம்.

ஆய்வாளர் கையைத் துடைத்துக்கொண்டார். சுத்தமான வேலை என்று பாராட்டினார், கையெழுத்துப் போட்டார். மத்தியானமே லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. ஒச்சம்மாள் தேறி வீட்டுக்குப் போகிற நாளும் அதுதான், உடையப்பன் அவளை லிஃப்டிலேயே கீழே இறக்கிக் கூட்டிப்போனார்.

ஸ்கூட்டியில் வீடு திரும்புகையில் அவள் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள். பிரேக்கில் கோளாறு, ஏற்றியிருந்தால் அத்தா பாதி வழியில் மாட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது ஒரு பிடிமானம், தனக்கும்தான். ஊரில் யாருக்கும் நஷ்டமில்லாத பொய். வீடு வந்து சேர்வதற்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தாள். அத்தா மௌத்தான நாளிலிருந்து அவள் இப்படி எதிரே வந்து உட்கார்ந்ததில்லை.

"ஆளு வந்து பாத்தாகளாமே. கோளாறு எதும் இருந்துச்சா?"

அம்மாவின் கண்களில் அப்படி ஓர் ஆசை. ரிஃபாத் வாயைத் திறந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒன்று, வந்தது வேறு.

"இல்லம்மா. ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப ஏத்திருக்கலாம்ல."

"ஏத்திருக்கலாம்மா."