ஒற்றைத்தோணிப் புலவரின் இடது காது

புஸ்பராணி ரீச்சர் தன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொய்க்கு ஒரு காது வைத்துவிட்டதுதான் பிசகு. காது வைக்காமல் விட்டிருந்தால் அது ஒரு வருடத்தில் தானாகச் செத்திருக்கும்.

சுதந்திரம் கிடைத்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த காலம். அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சங்கீத ரீச்சர். தகப்பனிடம் நம்முடைய வயலினும், துறைமுகத்தில் இருந்த கடற்படைத் துரையொருவரின் மனைவியிடம் மேல்நாட்டு வயலினும் படித்தவள். பாட்டும் எழுதுவாள். பன்னிரண்டு பாட்டை ஊர் இலக்கிய சங்கத்துக்கு அனுப்பினாள். ‘நன்று. சமையற் குறிப்பு ஏதும் இருந்தால் ஆண்டு மலருக்கு அனுப்பவும்’ என்று, பிரித்துப் பாராத பாட்டுக்கட்டோடு பதில் வந்தது.

ஒரு கிழமை அழுதாள். மறு கிழமை அதே பன்னிரண்டு பாட்டையும் கொஞ்சம் பழந்தமிழ் பூசி, அதே சங்கத்துக்கு அனுப்பினாள். முந்நூறு வருடத்துக்கு முன் இந்தக் கரையில் ஒரு தோணியோடு தனியாக வாழ்ந்த ஒற்றைத்தோணிப் புலவர் பாடியவை இவை; ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது; தின்னுமுன் படி எடுத்தேன் என்று எழுதினாள். கதைக்கு உயிர் வரட்டும் என்று, கடற்காற்றைக் கேட்டுக் கேட்டே புலவருடைய இடது காது பெருத்துப் போயிருந்ததாக ஒரு வரியும் சேர்த்தாள்.

சங்கம் கூத்தாடியது. பாட்டுகள் பத்திரிகையில் வந்தன. புலவர் பக்கத்துக் கடற்கரை ஊர்களான சல்லியில் பிறந்தாரா உப்புவெளியில் பிறந்தாரா என்று வாதாடி இரண்டு பண்டிதர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்தினார்கள். புஸ்பராணிக்கு முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது. பாட்டைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் வந்து, அதைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார்கள். தேங்காய் பறித்துக் கொடுத்தவளுக்குச் சொல்கிற மாதிரி.

மூன்றாம் வருடம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழும்பி நின்று, “புலவரும் இல்லை, ஏடும் இல்லை. எல்லாம் நான் எழுதினது” என்றாள். கொழும்புப் பத்திரிகைகள்கூட அந்த மோசடியைப் பற்றி எழுதின. நம்ப முடியாத எதையும் ‘அது ஒற்றைத்தோணிக் கதை’ என்று சொல்லும் வழக்கம் ஊரில் வந்தது. ஆனால் பாதிப்பேர் நம்பவில்லை. ஒரு பெரிய மனுசனின் பாட்டைத் தன்னுடையது என்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம் என்றார்கள். ஏட்டைக் கறையான் தின்றது என்று அவளே எழுதியிருந்தபடியால், ஏடு இருக்கவில்லை என்பதை அவளால் நிரூபிக்க ஏலவில்லை.

அந்தப் பாதிப்பேருக்குத் தலைவர், ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் இராசநாயகம். அவருடைய இடது காது பெரிது. முப்பது வருடம் ரெயில்வே ரெலிபோனை அழுத்திப் பிடித்த காது அப்படித்தான் இருக்கும் என்று வேறு யாரும் நினைத்திருப்பார்கள். அவரோ கண்ணாடி முன் நின்று, தான் ஒற்றைத்தோணிப் புலவரின் வழித்தோன்றல் என்று கண்டுபிடித்தார். வீட்டு வாசலில் ‘ஒற்றைத்தோணி இல்லம்’ என்று பலகை ஏறியது. அந்தப் பெருமையைச் சொல்லியே மூத்த மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தமும் செய்து முடித்தார். இனிமேல் புலவர் இல்லையென்றால் சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

புஸ்பராணி துறைமுகக் கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர் தம்பையாவைக் கட்டினாள். பிள்ளை இல்லை. பின்னேரங்களில் அவள் வயலின் வாசிப்பாள், அவன் மிருதங்கம் தட்டுவான். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை போனபோது விட்டுவிட்டுப் போன சாமான்கள் ஏலத்தில் போயின. கிண்ணியாவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஸஹாப்தீன் ஒரு செலோவை எடுத்தார். முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசிக்கிற அந்தப் பெரிய வயலினை, நல்ல பலகை என்றுதான் முதலில் எடுத்தார். உடைக்க மனம் வராமல் ரீச்சரிடம் கொண்டுவந்து, ஆறு வருடம் படித்தார். தடித்த நரம்பு அறுந்தபோது சைக்கிள் பிரேக் கம்பியைப் பூட்டினார். அதிலிருந்து வந்த நாதத்தைக் கேட்டு, உட்துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று பதிலுக்கு ஊதியதாகத் தம்பையா சத்தியம் செய்வான்.

அறுபத்துநாலாம் ஆண்டு அந்தப் பன்னிரண்டு பாட்டையும் வைத்துப் புஸ்பராணி ஓர் இசை கட்டினாள். பாடுவதற்கில்லை, வயலின், செலோ, மிருதங்கம், மூன்றே மூன்று. ஒலிபெருக்கி இல்லாமல், ஓர் அறைக்குள், முப்பது பேர் மூச்சுவிடாமல் இருந்து கேட்க வேண்டியது. முந்திப் பாட்டைத்தான் பறிகொடுத்தாள். இதையாவது தன்னுடையது என்று நாலுபேர் தெரிந்து கேட்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அதற்கு அறை வேண்டும். பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பக்கத்தில் பஸ் நிலையம். இன்னொரு மண்டபத்துக்குத் தகரக் கூரை. ஊரில் சுவர் தடித்து, முகடு உயர்ந்து, வயலின் வில்லின் மூச்சுக்கூடக் கேட்கக்கூடிய ஹோல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒற்றைத்தோணி இல்லத்தில் இருந்தது.

“தரலாம் ரீச்சர்,” என்றார் இராசநாயகம். “லவுட்ஸ்பீக்கர் இல்லாத கச்சேரி நடந்ததெண்டு ஆருக்குத் தெரியப்போகுது? அது உங்கட விருப்பம். ஆனால் ஒண்டு. அண்டைக்குப் புலவர் பொய் எண்டு சொன்னியள் எல்லோ? அப்பிடிச் சொன்னதுதான் பொய் எண்டு சபையில சொல்லவேணும்.”

“அது ஏலாது ஐயா. பாட்டு என்ர.”

“புலவர் என்ர.”

கடைசியில் அவருடைய மனைவி பூரணம் நடுவில் புகுந்து தீர்த்துவைத்தாள். மத்தியானம் புலவருக்குப் படையல், நாலு மணிக்குக் கச்சேரி. இயற்றியது யார் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. புஸ்பராணி ஆசைப்பட்டது அதுவல்ல. ஆனாலும் ஓம் என்றாள்.

திவசம் என்று செய்யத்தான் இராசநாயகம் ஆசைப்பட்டார். மூன்று தலைமுறைக்கு மேலே தனக்கு வேலை இல்லை என்று ஐயர் நழுவிவிட்டார். ஆகவே வீட்டோடு படையல்: சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயசம், வடை. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வாழையிலையில் பின்வளவு மதிலில் வைத்து, “கா, கா” என்று கூப்பிட்டார். காகம் எடுத்தால் புலவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வந்தவர்கள் கைநனைக்கலாம்.

காகம் இல்லாமலில்லை. வேலியில், முருங்கையில், கோழிக்கூட்டில் என்று எங்கும் காகம். ஒன்றுகூட இலைப்பக்கம் திரும்பவில்லை.

ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. சம்பந்தி வீட்டார் உட்பட முப்பது பேர் ஹோலில் பசியோடு இருந்தார்கள். இராசநாயகம் “கா, கா” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருடைய குரலே காகத்தின் குரலாகிவிட்டது.

“இல்லாத ஆள் எப்பிடி வந்து சாப்பிடுறது, பாவம்,” என்றான் தம்பையா மெதுவாக.

“வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ,” என்றாள் புஸ்பராணி. படையல் முடியாமல் கச்சேரி இல்லை. ஸஹாப்தீனோ மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். கிண்ணியாத் துறையில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கரை சேர்க்கிற மிதவை ஆறு மணியோடு நின்றுவிடும்.

“டீச்சர், நாலரைக்கு நான் வெளிக்கிடணும்,” என்றார். “இல்லாட்டி இந்தப் பெட்டியத் தண்ணியில போட்டு, வில்லால வலிச்சுக்கிட்டுத்தான் போகணும். பொறகு என்னையும் ஒத்தத்தோணிப் புலவர்னு சொல்லிருவாங்க.”

அப்போதுதான் இராசநாயகம் ரீச்சரைச் சமையல் நடக்கும் குசினி வாசலுக்குத் தனியாக அழைத்தார். முகம் வாடி, பெரிய காதுகூடச் சுருங்கியிருந்தது.

“ரீச்சர், ஒரு கதை. புலவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?”

“என்னட்டை ஏன் கேக்கிறியள்? அவர் உங்கட பாட்டன் எல்லோ.”

“பாட்டன்தான். ஆனால் அவற்ர வாய் ருசி எங்களுக்கு ஆரும் சொல்லித் தரேல்லை.”

“எனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?”

அவர் வெளியே பார்த்தார். ஹோலைப் பார்த்தார். “நீங்கள்தானே...”

“நான்தானே?”

“நீங்கள்தானே அவரை எழுதினது,” என்றார், பல்லுக்குள்ளால்.

“இஞ்ச நிண்டு சொன்னால் காகத்துக்குக் கேக்காது ஐயா. ஹோலுக்க போய்ச் சொல்லுங்கோ.”

இராசநாயகம் போனார். தொண்டையைச் செருமினார். சம்பந்தியைப் பார்க்காமல், முகட்டைப் பார்த்துச் சொன்னார்: “ஒற்றைத்தோணிப் புலவரையும், அவற்ர பாட்டையும், இண்டைக்கு நீங்கள் கேக்கப்போற இசையையும் இயற்றினது புஸ்பராணி ரீச்சர். இனி அவ சொல்லுறதுதான் படையல்.”

பதின்மூன்று வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வசனம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்வளவைப் பார்த்தாள். காகம் எல்லாம் கோழிக்கூட்டுப் பக்கமாகவே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

“பூரணமக்கா, அந்தக் கூட்டுக்கு மேல இருக்கிற தகர ரின்னுக்க என்ன?”

“சல்லிக் கருவாடு பிள்ளை. சைவச் சாப்பாட்டு நாளெண்டு குசினியால வெளியில வைச்சனான்.”

“புலவருக்குக் கருவாட்டுப் பொரியல் எண்டால் உயிர்,” என்றாள் புஸ்பராணி.

அந்த வீட்டுப் படையலில் மீன் முதன்முதலாக மணந்தது அன்றைக்குத்தான். எண்ணெயில் கருவாடு விழுந்த சத்தத்துக்கு ஹோலில் இருந்தவர்கள் முனகினார்கள். இலையில் வைக்கும்வரை காகங்கள் பொறுக்கவில்லை, கையிலிருந்தே பறித்தன. துறைமுகத்துக் காகம் பருப்பைத் தொடுமா?

மணி மூன்றே முக்கால். எல்லாரும் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஸஹாப்தீன் போகும் நேரமாகிவிடும். ஆகவே வாசிப்பு முதல், சோறு பிறகு என்றாயிற்று. அதுவும் நல்லதாகவே முடிந்தது. உண்ட சபை கொட்டாவி விடும், கதைக்கும். இந்தச் சபை இரும வலுவில்லாமல் இருந்தது. வயலின் தொடங்கியது, பிரேக் கம்பி அடியிலிருந்து எழும்பியது, தம்பையா விரல் நுனியால் மட்டும் தட்டினான். அலை வந்து கல்லில் ஏறி வடிவது போல ஓர் இடம். அதைக் கேட்டுச் சம்பந்தி கண்ணை மூடினார். அது பசிமயக்கம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். புஸ்பராணி அதை ஏற்கவில்லை.

முடிந்ததும் நன்றியுரைக்கு இராசநாயகம் எழும்பினார். சம்பந்தி கண்ணைத் திறந்து, “அப்ப உங்கட பரம்பரை?” என்று கேட்டார்.

இராசநாயகம் முப்பது வருடம் ரெயில்களை ஒன்றோடொன்று மோதாமல் பார்த்த மனுசன். அசையவில்லை.

“அதிலென்ன மாற்றம்? நாங்கள் புலவரிட்ட இருந்து வந்தனாங்கள். புலவர் ரீச்சரிட்ட இருந்து வந்தவர். அவரைப் பெத்த தாய் ரீச்சர். அப்ப எங்களுக்கு அவ பூட்டிக்கும் பூட்டி.” பிறகு பேரனைப் பிடித்து அவளுக்கு முன்னால் தள்ளினார். “விழுந்து கும்பிடடா.”

புஸ்பராணிக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

“அப்ப நான் பூட்டனோ?” என்றான் தம்பையா. “இந்தக் கதையில என்ர பங்கு என்னெண்டு எனக்கே தெரியேல்லை.”

சொன்ன சொல்லை இராசநாயகம் கடைசிவரை காப்பாற்றினார். பாட்டும் இசையும் ரீச்சருடையது என்பதை அதற்குப் பிறகு ஊரில் எவரும் மறுக்க ஏலாது. மறுத்தால் முதல் ஆளாகச் சண்டைக்குப் போவது ஒற்றைத்தோணி இல்லம்தான். அந்தக் குடும்பத்தில் கலியாணம் என்றால் முன்வரிசைக் கதிரை அவளுக்கு. எண்பது வயதுக் கிழவிகள் பின்னால் இருக்க, பொம்பிளை மாப்பிள்ளை முதலில் விழுந்து கும்பிடுவது அவளுடைய காலில். படையலுக்கு வருடாவருடம் கருவாடு பொரிந்தது.

எண்பதாம் ஆண்டு ஒரு கலியாணத்தில் பூட்டியின் சேலையைச் சரிசெய்த பெட்டையொருத்தி, இராசநாயகத்தின் மகன்வழிப் பேத்தி, அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஓம், அப்பப்பா சொன்னது சரிதான், எங்கட பூட்டியேதான்” என்றாள். வீட்டுக்கு வந்து புஸ்பராணி கண்ணாடியைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து வயலினை ஏற்றிவைத்த பக்கம். வலது காதைவிட இடது காது ஒரு நெல்லளவு பெரிது.

தம்பையாவிடம் அதை அவள் சொல்லவில்லை.