யூட்டின் கலப்புக் கியர்பொக்ஸ்

எஞ்சின் திருத்துகிறவனிடம் வருகிறவர்கள் நோயாளியைக் கொண்டு வருவார்கள். கியர்பொக்ஸ் திருத்துகிறவனிடம் வருகிறவர்கள் பிரேதத்தை இறக்கிவிட்டு, பின்னேரம் நடக்க வைத்துத் தா என்பார்கள். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, வாயைத் திறந்த நேரம் பார்த்து ஒயில் குடித்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் மேலே வாசியுங்கள், நாங்கள் ஒரே குடும்பம். இல்லாதவர்களும் வாசிக்கலாம், சட்டை அழுக்காகாது.

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு பெரிய கராஜில் வேலை செய்து பென்சன் எடுத்த பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் கொட்டிலை வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலம் அங்கே நடந்தவைதான் இவை. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவன் என்று எங்கள் சனத்துக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். நான் நிறையக் கூட்டிச் சொல்லுகிறவன்.

பிரேதம் வந்த நாள்

யூட் மன்னார்ப் பொடியன். பொடியன் என்றாலும் நாற்பது தாண்டியவன். ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் வருஷக்கணக்காகக் கோப்பை கழுவியவன், ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். சவர்லான்ட் மலைப்பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில், பாதையிலும் கார் நிற்பாட்டுகிற இடத்திலும் விழுகிற பனியை வழித்துத் தள்ளுகிற ஒப்பந்தம் அவனுக்குக் கிடைத்திருந்தது. நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வேண்டும், முன்னால் பனித் தகடு வேண்டும், முதல் பனி விழுகிற நாளே வேலை தொடங்க வேண்டும். வாகனம் இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை. குசினியில் அவனுடைய இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டான்.

வாகனம் என்று ஒன்று அவனிடம் இருந்தது. யப்பான்காரன் செய்த பழைய பெற்றோல் ஜீப். அதன் எஞ்சின் வெடித்து, தண்ணீரும் ஒயிலும் கலந்து, பால் தேத்தண்ணி நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதே கொம்பனியின் வான் ஒன்று எங்கோ அடிபட்டுக் கிடக்க, அதன் டீசல் எஞ்சினை வாங்கி ட்ரெயிலரில் ஏற்றி வந்திருந்தான். நான் அவனை இருத்தி வைத்து விளக்கினேன். ஜீப்பின் கியர்பொக்ஸ் இந்த டீசல் எஞ்சினோடு பொருந்தாது. வானின் கியர்பொக்ஸ் பொருந்தும், ஆனால் அதன் பின்பக்கம் ட்ரான்ஸ்பர் பெட்டி பூட்ட இடமில்லை. ட்ரான்ஸ்பர் பெட்டிதான் கியர்பொக்ஸில் இருந்து வருகிற பலத்தை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது. அது இல்லாத ஜீப், பனியில் வெறும் வண்டில். ஆகவே வான் கியர்பொக்ஸின் முன்பாதியையும் ஜீப் கியர்பொக்ஸின் பின்பாதியையும் எடுத்து ஒன்றாக்க வேண்டும். ட்ரான்ஸ்பர் பெட்டியையும் பிரித்துப் புதுப்பித்து அதன் பின்னால் கொழுவ வேண்டும். சொல்லி முடிக்க என் தேத்தண்ணி ஆறிவிட்டது. யூட் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். எல்லாம் விளங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"ஓம் அண்ணை. ரெண்டும் ஒரே கொம்பனிதானே? பிறகென்ன, பூட்டிவிட வேண்டியதுதானே?"

கதவுக்கு முண்டு

அடிபட்ட வானின் கியர்பொக்ஸை யாரோ முந்திக் கொண்டு போய்விட்டார்கள். அதே வகையில் இன்னொன்று தேடி நாங்கள் ஏறி இறங்காத பழைய இரும்புக் கடை இல்லை. கடைசியாக எசனில் கொவால்ஸ்கி என்கிறவருடைய முற்றத்துக்குப் போனோம். அவருடைய வயிறு முதலில் வரும், ஆள் கொஞ்சம் பிந்தி வருவார். "அந்த மொடல் இல்லை, ஜேர்மனியிலேயே இல்லை" என்று கையை விரித்தார். திரும்பி வெளியே வருகிறேன், அவருடைய அலுவலகத்து இரும்புக் கதவு காற்றில் அடிபடாமல் ஒரு சாமான் முண்டு கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. குனிந்து பார்த்தேன். நாங்கள் தேடிய அதே கியர்பொக்ஸ். ஒரு பக்கம் பாசி பிடித்திருந்தது.

"அதைத் தரமாட்டேன்" என்றார் கொவால்ஸ்கி. "அது வேலையில் இருக்கிறது."

கெஞ்சினோம், கேட்கவில்லை. யூட் ட்ரெயிலருக்குப் போய், ஜீப்பிலிருந்து கழற்றி இரும்பு விலைக்கு விற்க ஏற்றி வந்த வெடித்த பெற்றோல் எஞ்சினின் கட்டையை உருட்டி இறக்கி, கதவடியில் கொண்டுவந்து வைத்தான். கதவை இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. கியர்பொக்ஸை நான் தூக்கியபோது என் நாரி எலும்பில் வந்த சத்தத்துக்கு எசன் ஸ்டேஷனில் ரயில் புறப்படாமல் நின்றது. நம்பாவிட்டால் யூட்டைக் கேளுங்கள், அவன் இரண்டு ரயில் என்பான். கொவால்ஸ்கி புது முண்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார்.

"சரி, கொண்டு போங்கள். ஆனால் காற்றுக்குக் கதவு ஆடினால், நீங்கள்தான் வந்து நிற்க வேண்டும்."

விளைமீனுக்குப் பக்கத்தில்

இரண்டு கியர்பொக்ஸையும் பிரித்துக் கழுவி, நல்ல பற்சில்லுகளை ஒரு பக்கமும் சொத்தைப் பற்சில்லுகளை மறுபக்கமும் அடுக்கினோம். அடுத்த வேலை, தண்டு உரசாமல் சுழல வைக்கிற புதுப் பெயாறிங்கைக் கியர்பொக்ஸின் அலுமினியக் கூட்டுக்குள் இறக்குவது. அது மயிரிழை இடமும் விடாமல் இறுக்கமாகப் போய் இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் கூடு வெடிக்கும். கூட்டைச் சூடாக்கினால் அது விரியும், பெயாறிங்கைக் குளிரவைத்தால் அது சுருங்கும், பிறகு பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி உள்ளே வைக்கலாம். பெரிய கராஜில் இதற்கென்று யந்திரம் இருந்தது. என் கொட்டிலில் நானும் யூட்டும்தான் இருந்தோம். ஆனால் மேலே வீட்டில் கேக் சுடுகிற அடுப்பு இருக்கிறது, ஃபிறீசரும் இருக்கிறது.

என் மனுசி றீற்றா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கூட்டை அடுப்பில் வைத்தோம். பெயாறிங் முதல் நாளே ஃபிறீசரில் விளைமீனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் கூட்டின் மூலையில் கொஞ்சம் பழைய கியர் ஒயில் மிச்சம் இருந்திருக்கிறது. அந்த மணம் படியிறங்கி, தெருவைக் கடந்து, கோயிலடிக்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாசலில் நின்று அடுப்பைப் பார்த்தாள், ஃபிறீசரைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரின் மூஞ்சையையும் பார்த்தாள். சத்தம் போடப் போகிறாள் என்று யூட் சுவரோடு ஒட்டினான்.

"எடுக்கேக்க பாத்து எடுங்கோ. மீனைக் கொண்டுபோய்ப் பூட்டிப்போட்டு, நாளைக்கு என்னை இரும்பிலை குழம்பு வைக்கச் சொல்லிப்போடாதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

இரண்டு கியர்பொக்ஸும் கைகோர்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. முன் தண்டின் குழிக்குள் பின் தண்டின் மூக்கு போய் இருக்க வேண்டும். இடையில் வட்டமாகச் சின்னச் சின்ன உருக்கு ஊசிகள் நிற்கும். ஒன்று குறைந்தாலும் கதை முடிந்தது. மூக்கு உள்ளே போகும்வரை அந்த ஊசிகள் விழாமல் இருக்க, கிறீஸ் பூசி ஒட்டி வைப்பது வழக்கம். கிறீஸ் முடிந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறவாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொட்டிலில் குளிர் எலும்பைக் கடித்தது. றீற்றாவின் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தேன், கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெளேரென்று மெழுகாய் இறுகிவிட்டது. கிறீஸ் தோற்றது. ஓடிச் சூடானதும் ஒயிலோடு கரைந்துவிடும், ஒரு கெடுதலும் இல்லை. ஊசிகள் எல்லாம் பல்லு வரிசை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. நான் பெருமையாகப் பார்த்துவிட்டு, பின் தண்டின் மூக்கைத் துடைத்து எடுத்துவர மற்றப் பக்கம் போனேன்.

யூட் நல்ல மனசுக்காரன். அண்ணைக்குக் கை விறைக்கிறதே என்று ஹீற்றரைப் போட்டு, என்னைவிடக் கியர்பொக்ஸுக்குக் கிட்டவாகத் தள்ளி வைத்துவிட்டான். திரும்பி வந்தால் ஊசிகள் மழைத்துளி மாதிரி விழுகின்றன. பொறுக்கிச் சேர்த்தோம். ஒன்று குறைந்தது. நிலத்தில் இல்லை. மேசையில் இல்லை. கியர்பொக்ஸுக்குள் விழுந்திருந்தால், ஓடுகிற முதல் நாளே பற்களை எல்லாம் உடைத்துப்போடும். அதனால் பூட்டி முடித்ததை எல்லாம் திரும்பக் கழற்றினோம். இல்லை. அடுத்த நாள் யூட் வந்தான், இன்னொரு முறை கழற்றினோம். இல்லை. பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்த றீற்றா அவனுக்குப் பின்னால் நின்றபடி கேட்டாள், "என்ன யூட், பேன்சீப்பின்ரை பல்லு முறிஞ்சு தலைக்குள்ள நிக்குது?"

கையில் பட்ட தேங்காயெண்ணெயை வீணாக்க மனமில்லாமல், எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, முதல் நாள் அவன் தலையில் தடவியிருக்கிறான். ஊசி பிடரி மயிருக்குள் பத்திரமாக இருந்தது. றீற்றா அதை இழுத்து எடுக்க, யூட் பிடரியைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல காலம் அக்கா, நேற்று நான் முழுகேல்லை."

வாகனம் வரவில்லை

கியர்பொக்ஸ் ஒன்றாகிவிட்டது. ட்ரான்ஸ்பர் பெட்டிதான் மிச்சம். உள்ளே ஓடுகிற சங்கிலி இளகித் தொங்கியது, புதுச் சங்கிலிக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். மலை ஏற உதவுகிற மெதுவான பல்லில் போட்டால் தானாகக் கழன்றுவிடுகிற வியாதியும் அதற்கு இருந்தது. கியரைத் தள்ளுகிற கவை போன்ற இரும்பு தேய்ந்ததால் வந்தது அது. ஒட்டுப் போட்டு அராவி, திரும்ப ஒட்டுப் போட்டு அராவி, கை சுட்டதுதான் மிச்சம் என்று நினைத்த நேரம் சரிவந்தது. சங்கிலி வரவில்லை. பனி வந்துவிட்டது.

யூட் ரேடியோவில் கேட்டுவிட்டு விடிய முதலே என் வீட்டு மணியை அடித்தான். தோளில் பனி வழிக்கிற சவல். "அண்ணை, என்னை அங்கை கொண்டுபோய் விடுங்கோ. வாகனம்தானே இல்லை, நான் இருக்கிறன்" என்றான். என் காரில் ஏற்றிப் போனேன். பாதை முழங்கால் ஆழம் மூடிக்கிடந்தது; தோட்டத்துத் தேவதைச் சிலையின் செட்டை நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அவன் இடம் வலம் பார்க்காமல் வழித்தான். நான் உதவிக்கு இறங்கி, கொஞ்ச நேரத்தில் உதவி தேவைப்படுகிறவனாக ஏறினேன். கண்ணாடிக்குப் பின்னால் இல்லத்துக் கிழவர்கள் வரிசையாக இருந்து பார்த்தார்கள். இல்லத்துக்கு ரொட்டி கொண்டுவருகிற பாண் வண்டி வரும் முன்னம் பாதை தெரிந்தது. யூட்டின் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. இல்லத்தின் பொறுப்பாளர் திருமதி பிறாண்ட் கதவைத் திறந்து வெளியே வந்து, பாதையைப் பார்த்தார், சவலைப் பார்த்தார்.

"இன்றைக்கு மனிதர் வந்தார், நன்றி. அடுத்த பனிக்கு வாகனம் வர வேண்டும். வராவிட்டால் நான் வேறு ஆளுக்குச் சொல்லியாக வேண்டும்."

சத்தமில்லாத குற்றம்

சங்கிலி வந்தது. அதைப் போட்டு மூடி, எல்லாவற்றையும் ஜீப்புக்கு அடியில் தூக்கிக் கொழுவினோம். டீசல் எஞ்சின் முதலில் இருமியது, பிறகு கறுப்பாகத் துப்பியது, பிறகு பேசத் தொடங்கியது. ஆனால் பெற்றோலில் இருந்து டீசலுக்கு மாறிய வாகனம் பரிசோதனைக்குப் போய், புது எஞ்சினைப் பத்திரத்தில் பதிந்த பிறகுதான் தெருவில் ஓடலாம். பரிசோதகர் ஒரு பெண்மணி, என்னைவிட ஒரு முழம் உயரம். ஜீப்புக்கு அடியில் லைற் அடித்துப் பார்த்தார். கியர்பொக்ஸின் முன்பாதி பழுப்பு, பின்பாதி கறுப்பு.

"இது என்ன?" என்றார்.

"கலியாணம்" என்றேன்.

"மாப்பிள்ளை எந்தப் பக்கம்?"

யூட்டுக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் பயம். அந்த அம்மா தானே ஏறி ஓட்டிக்கொண்டு போனார். மெதுவான பல்லில் போட்டு வளவுக்குள் இருந்த சரிவில் ஏற்றினார், நடுவில் நிறுத்தினார், திரும்ப எடுத்தார். முரண்டு பிடிக்கிற மாட்டைப் பழக்குகிற மாதிரி இரண்டு தரம் செய்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. யூட் வானத்தையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தவர் எஞ்சினை நிற்பாட்டாமல் காதைக் கொடுத்துக் கேட்டார். எழுதினார். பேனாவை நிறுத்தினார்.

"இதில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அதுதான் சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் கையெழுத்து வைக்கிறேன்."

பொடிக்கல்

அடுத்த பனி முந்தினதைவிட மோசம். மலைக்கு ஏறுகிற வழியில் பாண் வண்டி குறுக்காக வழுகி நின்றது. யூட் இறங்கிக் கயிறு கொழுவினான். மெதுவான பல்லில் போட்டு, நாலு சில்லும் கடிக்க, பாண் வண்டியை இழுத்துக்கொண்டு முதியோர் இல்லம்வரை ஏறினான். கியர் கழலவில்லை. பாண்காரன் முழு வழியும் பிரேக்கில் கால் வைத்திருந்தான் என்று நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் வைத்திருந்தாலும் ஜீப் ஏறியிருக்கும். பிறகு தகட்டை இறக்கிக் கார் நிற்பாட்டுகிற இடத்தை ஒரு அலையாய் வழித்தான். நான் பக்கத்து சீற்றில் இருந்து, எங்கே என்ன உடையப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் உடையவில்லை. யூட் ஜீப்பை நிற்பாட்டி, தகட்டைத் தூக்கிவிட்டு இறங்கினான்.

திருமதி பிறாண்ட் வெளியே வந்தார். ஜீப்பைப் பாராட்டுவார், கியர்பொக்ஸைக் கேட்பார், நான் கதையை எசனில் இருந்து தொடங்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவர் குனிந்து நிலத்தைப் பார்த்தார், சப்பாத்தால் தேய்த்துப் பார்த்தார், ஒரு வாளியைக் கொண்டுவந்து யூட்டின் கையில் கொடுத்தார்.

"வழித்தது சரி, இன்னும் வழுக்குகிறது. பொடிக்கல் தூவிவிட்டு இரண்டு பேரும் உள்ளே வந்து கோப்பி குடியுங்கள். நாளைக்கும் பனி என்கிறார்கள், ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்."

இரண்டு கியர்பொக்ஸை ஒன்றாக்கிய என்னை அந்த மலையில் இன்றுவரை எல்லாரும் அறிவது யூட்டோடு வந்து கல் தூவிய கிழவனாகத்தான், அதையும் நான் ஒரு பக்கத்தில் அளவுக்கு மேல் கூட்டித் தூவிவிட்டேனாம்.